வாயும் வாளியும்

“போலீஸ் வரணுமா, வரக் கூடாதா? அத மட்டும் சொல்லுங்கக்கா. நான் போயிடறேன்.”

மடத்துச் சமையக்கட்டு வாசல்ல நின்னு செல்லக்கண்ணு இதக் கேட்டாரு. செருப்பக்கூடக் கழட்டல.

பூரணத்தக்கா பூசணிக்காய் நறுக்கிட்டு இருந்தாங்க. நிமிந்து அவரு மூஞ்சியப் பாத்தாங்க. அப்புறம் செருப்பப் பாத்தாங்க.

செல்லக்கண்ணு கழட்டிட்டு உள்ள வந்தாரு.

“எங்க வரணும்?” அக்கா கேட்டாங்க.

“அதான் தெரியல. தெரிஞ்சா இங்க எதுக்கு வரேன்.”

அக்கா இன்னொரு அருவாமனைய அவரு பக்கம் தள்ளினாங்க. கூடவே ஒரு கட்டு முருங்கைக்காய்.

கல்லாத்துப் பாலத்துக்குப் பக்கத்துல இருக்குது அந்த மடம். பெருசு இல்ல. ஒரு கூடம், ஒரு கிணறு, ஒரு சமையக்கட்டு. மத்தியானம் யாரு வந்தாலும் சோறு உண்டு. முன்ன இருந்த சாமி போனதுக்கப்புறம் பூரணத்தக்காதான் பாத்துக்கறாங்க. வயசு நாப்பதுகூட ஆகல. ஆனா பேரன் எடுத்தவரும் அவங்கள அக்கான்னுதான் கூப்பிடுவாரு.

உபதேசம் கேட்டு வர்றவங்களுக்கு காய் நறுக்குற வேலை கிடைக்கும். அதுலயே பாதிப் பேரு மறுபடி வர மாட்டாங்க. மிச்சம் பாதிதான் சிஷ்யங்க.

செல்லக்கண்ணு மிச்சம் பாதியில ஒருத்தரு. தலை நரைச்சவரு. டவுன்ல மைக் செட் வாடகைக்கு விடறாரு. அக்காவவிடப் பதினஞ்சு இருவது வயசு மூப்பு. கோவமும் அந்த அளவுக்கு மூப்பு.

“நறுக்கிக்கிட்டே சொல்லுங்கண்ணே,” அக்கா சொன்னாங்க.

நறுக்கிக்கிட்டே சொன்னாரு.

போன வருசம் அவரு தெருவுக்குக் குடிதண்ணி வரல. பஜார்ல நின்னு தன் மைக்ல தானே பேசினாரு. இன்ஸ்பெக்டர் வந்து மைக்கப் புடுங்கிட்டாரு. என்ன பேசினாருங்கறது தப்பு இல்லையாம். பேசினதுதான் தப்பாம். செல்லக்கண்ணு கோர்ட்டுக்குப் போனாரு. அமைதியா பேசற மனுசன் வாயில போலீசுக்கு என்ன வேலைன்னு ஜட்ஜ் கேட்டாரு. மைக் திரும்பி வந்துச்சு. வயர் வரல. அது வேற கதை.

“ஜெயிச்சீங்க,” அக்கா சொன்னாங்க.

“ஜெயிச்சேன். அங்கதான் சனியன் புடிச்சுது.”

இந்த வருசம் அவரு மக மங்கைக்குக் கல்யாணம் கூடியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரயில்ல வர்றாங்க. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புலயே ராஜமங்களம் மகால்னு ஒரு மண்டபம். குலசேகரன்கறவரோடது. ஊர்ல இருக்கற ஒரே பெரிய மண்டபம். செல்லக்கண்ணு போயித் தேதி கேட்டாரு. அந்தத் தேதி போயிடுச்சுன்னாங்க. சந்தேகம் வந்து, தன் கூட்டாளி ஒருத்தர விட்டுக் கேக்கச் சொன்னாரு. அதே தேதி. காலியா இருக்கு, வந்து பாருங்கன்னு சொன்னாங்களாம்.

கூட்டாளி வேற தெருக்காரரு.

“அந்த மண்டபத்துல எத்தன கல்யாணத்துக்கு நான் மைக் செட் போட்டிருக்கேன் தெரியுமா. பொட்டியத் தூக்கிக்கிட்டு பின் வாசல் வழியா போவேன். மங்கை சின்னப் புள்ளையில என்கூட வரும். மேடைக்குப் பின்னாடி உக்காந்து வயர் சுத்தும். பின்னாடி உக்காரலாம். முன்னாடி உக்காரக் கூடாது.”

அருவாமனையில முருங்கைக்காய் சடக்குனு விழுந்துச்சு.

“துண்டு பெருசா போவுது,” அக்கா சொன்னாங்க.

“கோவத்துல நறுக்கறேன். அப்படித்தான் போவும்.”

அடுப்புப் பக்கத்துல இருந்து ஒரு சிரிப்பு வந்துச்சு. உலகநாதன் சார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். நாள் தவறாம வந்து சாம்பார் வச்சு, வாளியத் தூக்கிப் பரிமாறிட்டுப் போவாரு. புண்ணியத்துக்குன்னு செய்யறாரு. மண்டபத்துக் குலசேகரனுக்கு அவரு சம்பந்தி.

“ஒரே அளவா நறுக்குங்க செல்லக்கண்ணு,” உலகநாதன் சார் சொன்னாரு. “நீங்க சமத்துவம் பேசறவரு இல்லையா.”

செல்லக்கண்ணு அடுத்த காய எடுத்தாரு. அது முன்னதவிடப் பெருசா விழுந்துச்சு.

அப்புறம் நடந்தத அவரு குரலக் குறைச்சுக்கிட்டுச் சொன்னாரு. மைக் செட்காரரு குரலக் குறைச்சா அடுப்பு வரைக்கும்தான் கேக்கும்.

நேரா குலசேகரன்கிட்டயே போயிக் கேட்டாராம். குலசேகரன் ஒளிச்சு மறைச்சுப் பேசல. என் எடம், என் இஷ்டம்ன்னாரு. எனக்குப் புடிச்சவனுக்குக் குடுப்பேன், புடிக்காதவனுக்குக் குடுக்க மாட்டேன், இது சுதந்திர நாடுன்னாரு. நீதானய்யா கோர்ட் வரைக்கும் போயி அவனவனுக்குச் சுதந்திரம் இருக்குன்னு வாங்கிட்டு வந்த, அத நானும் கொஞ்சம் வச்சுக்கறேன்னாரு.

செல்லக்கண்ணுக்கு வாய் அடைச்சுப் போச்சு. அவரு வாழ்க்கையில அது ரெண்டு தடவதான் அடைச்சிருக்கு. மொத தடவ பல் புடுங்கினப்ப.

அங்கருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாரு. இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உக்கார வச்சாரு. டீயும் வரவழைச்சாரு. குடிச்சு முடிக்கற வரைக்கும் பொறுமையா இருந்துட்டு, அப்புறம்தான் சிரிச்சாரு.

“என்ன சொன்னாரு?” அக்கா கேட்டாங்க.

“போன வருசம் போலீஸ் எதுக்குடா வருதுன்னு கேஸ் போட்ட. இந்த வருசம் போலீஸ் ஏண்டா வரலேன்னு கேக்கற. வான்னா வரோம். போன்னா போறோம். மொதல்ல நீ ஒரு முடிவுக்கு வா. இப்படிச் சொன்னாரு. ஏட்டுலேருந்து எல்லாரும் சிரிக்கறாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“டீ நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

அக்காவுக்குச் சிரிப்பு வரல. பூசணிக்காயச் சட்டியில தள்ளினாங்க.

“மங்கை என்ன சொல்லுது?”

அதுக்கு மட்டும் செல்லக்கண்ணு நறுக்கறத நிறுத்தினாரு.

“வேற எடம் பாத்துக்கலாம்ப்பா, என்னால உங்களுக்கு எதுக்குச் சண்டைங்குது. அந்தப் புள்ள ஒரு தடவ சண்ட போட்டிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன். விட்டுக் குடுக்குது பாருங்க. அதத்தான் தாங்க முடியல.”

“இங்க வச்சுக்கலாமே. கூடம் சும்மாதான கெடக்குது.”

“எடம் இல்லாமலா கேக்கறேன்?”

“தெரியும்,” அக்கா சொன்னாங்க. “நீங்க என்ன சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

செல்லக்கண்ணு அருவாமனைய மடக்கி வச்சாரு. போதும்னு ஆயிடுச்சு அவருக்கு.

“அக்கா, நான் வருசக் கணக்கா இங்க வரேன். காய் நறுக்கியே வெரல்ல ரேகை போச்சு. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். போலீஸ் என் விசயத்துல வராதேன்னு சொன்னது சரியா, வான்னு சொல்றது சரியா? ரெண்டுல ஒண்ணுதான சரியா இருக்க முடியும்?”

“சாப்பிட்டீங்களா?”

“கேள்விக்குப் பதில் சொல்லுங்க.”

“சாப்பிட்டீங்களான்னா அதுவும் கேள்விதான். நீங்க மொதல்ல சொல்லுங்க.”

“இல்ல.”

“பந்தியில உக்காருங்க.”

“பந்தியில உக்காந்தாப் பேசக்கூட முடியாது. மணி அடிச்சுடுவீங்க.”

அது நெசம். மடத்துப் பந்தியில ரெண்டு வழக்கம். மணி அடிச்சா பேசக் கூடாது. கடைசி இலைக்கு எல்லாம் வந்து சேர்ற வரைக்கும் யாரும் சோத்துல கை வைக்கக் கூடாது. கடைசி இலை அக்காவோடது. அவங்க கை வச்சாத்தான் மத்தவங்க கை வைக்கலாம்.

“பேசணுமா உங்களுக்கு?”

“பேசணும். பந்தியில இருக்கறவங்ககிட்டச் சொல்லணும். இங்க சாப்பிடறவங்கள்ல பாதிப் பேரு அந்த மண்டபத்துலதான் விசேஷம் வைக்கறாங்க.”

உலகநாதன் சார் கரண்டியோட திரும்பினாரு. மடத்துக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு, சாமி காலத்துலேருந்து பந்தியில மௌனம், அத யாருக்காகவும் மாத்த முடியாதுன்னு சொன்னாரு.

“சாமிக்கு அப்ப கடவாய்ப்பல் வலி சார்,” அக்கா சொன்னாங்க. “சத்தம் கேட்டா ஆவாது. அதுக்கு வச்ச மணி. பல்லப் புடுங்கினாரு. மணிய எடுக்க மறந்துட்டாரு.”

உலகநாதன் சாருக்கு அது தெரியாது. அந்த மௌனத்தப் பத்தி அவரு ஒரு கட்டுரையே எழுதியிருந்தாரு.

அன்னைக்கு மணி அடிக்கல.

கூடத்துல இலை போட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, பஸ்ஸ விட்டவங்க, கரும்பு வெட்ட வந்த குடும்பம் ஒண்ணு, சைக்கிளச் சாத்திட்டு வந்த போஸ்ட்மேன், ரெண்டு மூணு கடைக்காரங்க. வழக்கமா வர்ற கூட்டம்தான். கடைசி இலையில அக்கா. செல்லக்கண்ணு நடுவுல எங்கியோ உக்காந்தாரு.

சோறு வந்துச்சு. கூட்டு வந்துச்சு. அப்பளம் வந்துச்சு.

செல்லக்கண்ணு பேச ஆரம்பிச்சாரு. மைக் இல்ல. தேவையும் படல. தன் பேரு, தன் தெரு, மக கல்யாணம், மண்டபம், காலியா இருந்த தேதி, குலசேகரன் சொன்ன வார்த்த. எல்லாத்தையும் கூட்டாம குறைக்காம சொன்னாரு. அந்த மண்டபத்துல விசேஷம் வச்சிருக்கவங்க வேற எடத்துக்கு மாத்துங்க, இல்லேன்னா ஏன் மாத்தலேன்னு உங்களையே கேட்டுக்கங்கன்னு முடிச்சாரு.

ஒரு கடைக்காரரு கூட்டையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கூட்டுல அப்படிப் பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

உலகநாதன் சார் சாம்பார் வாளியோட கூடத்து நடுவுல வந்து நின்னாரு. காது செவந்திருந்துச்சு.

“அக்கா, கேட்டுட்டுச் சும்மா இருக்கீங்களா? என் சம்பந்தியப் பேரு சொல்லிப் பேசறாரு.”

“பேரத் தப்பா சொல்லிட்டாரா?”

“நிறுத்தச் சொல்லுங்க.”

“அவரு வாய்,” அக்கா சொன்னாங்க. “அதுல எனக்கென்ன வேலை.”

செல்லக்கண்ணு நிமிந்து உக்காந்தாரு. கோர்ட்டுல ஜெயிச்ச அன்னைக்கு உக்காந்த மாதிரியே இருந்துச்சு.

உலகநாதன் சார் மொத இலைக்குப் போனாரு. சாம்பார் ஊத்தினாரு. அடுத்தது. அதுக்கடுத்தது. அவரு பரிமாறினா ஒரு சொட்டு தரையில விழாது. அதுல அவருக்கு ஒரு பெருமை உண்டு.

செல்லக்கண்ணு இலை வந்துச்சு.

சோத்துல குழி பண்ணி வச்சிருந்தாரு செல்லக்கண்ணு. வாளி அவரத் தாண்டிப் போயி அடுத்த இலையில நின்னுச்சு.

மறந்துட்டாரு போலன்னு நெனச்சாரு மொதல்ல. திரும்பி வருவாருன்னு நெனச்சாரு. வாளி போயிக்கிட்டே இருந்துச்சு. போஸ்ட்மேன், கரும்பு வெட்ட வந்தவரு, அவரு பொண்டாட்டி. கடைசியில அக்கா.

கரண்டி இலைக்கு மேல வந்தப்ப அக்கா கைய விரிச்சு இலைய மறைச்சாங்க.

“எனக்கு முன்னாடி ஒரு இலை இருக்கு சார்.”

“எல்லாருக்கும் ஊத்திட்டேன்.”

“பாருங்க.”

உலகநாதன் சார் பாக்கல. பாக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்ல. எந்த இலைன்னு அவருக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

செல்லக்கண்ணு எந்திரிக்கப் போனாரு. பக்கத்துல இருந்த போஸ்ட்மேன் தொடையில கை வச்சு உக்கார வச்சாரு. பந்தியில பாதியில எந்திரிச்சா இன்னும் நேரமாகும், அவருக்கு டூட்டி இருந்துச்சு.

“அக்கா, பாத்தீங்களா? சொல்லுங்க அவருகிட்ட,” செல்லக்கண்ணு சொன்னாரு. “நீங்க சொல்லணும்.”

உலகநாதன் சார் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு.

“எப்படிச் சொல்லுவாங்க? அவரு வாயில எனக்கு வேலை இல்லேன்னு இப்பதான் சொன்னாங்க. அவரு வாய் அவரு இஷ்டம்னா, என் கை என் இஷ்டம். நான் இங்க சம்பளத்துக்கு வேலை பாக்கல. மனசு வந்து செய்யறேன். மனசு வராத எடத்துல செய்யல. அவருக்கு இருக்கற சுதந்திரம் எனக்கு இல்லையா?”

கூடத்துல எல்லாரும் அக்காவப் பாத்தாங்க. நல்லாத்தான் கேக்கறாரு ஹெட்மாஸ்டர்னு ஒருத்தரு முணுமுணுத்தாரு.

செல்லக்கண்ணுக்கு மறுபடியும் வாய் அடைச்சுக்கிச்சு. குலசேகரன் சொன்ன அதே வார்த்த. அன்னைக்கும் பதில் இல்ல, இன்னைக்கும் இல்ல. சோத்துக் குழி காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த நிமிசம் அவருக்கு சாம்பார் வேண்டாம். பதில் வேணும்.

அக்கா இலையிலேருந்து கைய எடுக்கல.

“கை உங்களோடது,” அக்கா சொன்னாங்க.

“ஆமா.”

“வாளி?”

உலகநாதன் சார் வாளியப் பாத்தாரு. பித்தளை வாளி. நாள் தவறாமத் தூக்கறதுதான். இப்பதான் அதோட கனம் தெரிஞ்ச மாதிரி கைய மாத்திக்கிட்டாரு.

“மடத்தோடது,” அவரு சொன்னாரு. “ஆனா சாம்பார் வச்சது நான்.”

“நீங்கதான். இல்லேங்கல. உங்க வீட்டு அடுப்புல வச்சு உங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டா, யாருக்குப் போட்டீங்க, யாருக்குப் போடலேன்னு நான் வந்து கேப்பேனா?”

“மாட்டீங்க.”

“வாசல்ல நின்னு எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். வேற எவன் பாத்தாலும் தொரத்துவேன்.”

“அப்ப இங்க மட்டும்...”

“இது பந்தி.”

அப்பளம் நமத்துப் போயிக்கிட்டு இருந்துச்சு. கரும்பு வெட்ட வந்தவரோட பொண்டாட்டி, சோறு ஆறுதுய்யான்னு யாரையும் பாக்காமச் சொன்னாங்க.

“ஊத்துங்க சார்,” அக்கா சொன்னாங்க. “இல்லேன்னா வாளிய வச்சுட்டு வந்து இலையில உக்காருங்க. உங்களுக்கும் ஊத்துவாங்க. வாளியக் கையில வச்சுக்கிட்டு மூஞ்சியப் பாக்க முடியாது.”

உலகநாதன் சார் நின்னாரு. வாளிய வச்சுட்டுப் போயிடுவாருன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. ஆனா நாள் தவறாமத் தூக்கின வாளிய வச்சுட்டுப் போறதும் லேசு இல்ல.

திரும்பி நடந்து வந்தாரு. செல்லக்கண்ணு இலையில அரைக் கரண்டி ஊத்தினாரு.

“பக்கத்து இலைக்கு எவ்வளவு?” கடைசியிலேருந்து அக்கா கேட்டாங்க. தலையத் தூக்கிப் பாக்கக்கூட இல்ல.

இன்னொரு அரைக் கரண்டி விழுந்துச்சு. கூடவே ஒரு முருங்கைக்காய்த் துண்டு. ரொம்பப் பெரிய துண்டு.

அப்புறம் அக்கா இலைக்கு வந்துச்சு. அக்கா கைய எடுத்தாங்க. வாங்கிக்கிட்டாங்க.

சோத்துல கை வைக்கப் போற நேரம், உலகநாதன் சார் வாளியோட நடுக்கூடத்துல நின்னு தொண்டையச் செருமினாரு.

“ஊத்திட்டேன். இப்ப நான் பேசலாமா?”

“பேசுங்க,” அக்கா சொன்னாங்க.

முப்பது வருசம் வகுப்பெடுத்த தொண்டை அது. செல்லக்கண்ணு விளம்பரப் பிரியருன்னாரு. அவரு மைக் கூவுற கூவுல ஊர்ல காக்கா தங்கறதில்லேன்னாரு. கவுன்சிலர் ஆகறதுக்குத்தான் குடிதண்ணி, மண்டபம், கோர்ட்டு எல்லாம்னு சொன்னாரு. தன் சம்பந்தி மாதிரி ஒரு மனுசன் இந்த ஜில்லாவுலயே கெடையாதுன்னாரு. போன பொங்கலுக்கு மடத்துக்கு அரிசி மூட்டை அனுப்பினதே அவருதான், இந்த இலையில கெடக்கறதே அந்த அரிசியாக்கூட இருக்கலாம்னாரு. மகளச் சாக்கா வச்சு அப்பா பேரு வாங்கறாருன்னு முடிச்சாரு.

மகளப் பத்தின பேச்சு வந்ததும் செல்லக்கண்ணு எந்திரிச்சிட்டாரு. இந்தத் தடவ போஸ்ட்மேன் கைக்கு அடங்கல.

“அக்கா, இது அநியாயம். பொய் பேசறாரு. நிறுத்தச் சொல்லுங்க.”

அக்கா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே கேட்டாங்க.

“சாம்பார் வந்துச்சா?”

“வந்துச்சு. அதில்லக்கா...”

“முருங்கைக்காய்?”

“வந்துச்சு.”

“அப்புறம் என்னண்ணே. அவரு வாய்.”

அக்கா மொத உருண்டைய எடுத்துச் சாப்பிட்டாங்க. அவ்வளவுதான், கூடம் முழுக்க கை இலைக்குப் போயிடுச்சு. ஆறின சோத்துக்கு இருக்கற அவசரம் வேற எதுக்கும் இல்ல.

செல்லக்கண்ணு மட்டும் நின்னுக்கிட்டு இருந்தாரு.

அக்காவப் பாத்தாரு. உலகநாதன் சாரப் பாத்தாரு. தன் இலையப் பாத்தாரு. அதுல சாம்பார் இருந்துச்சு. காதுல திட்டு விழுந்துக்கிட்டு இருந்துச்சு.

உக்காந்தாரு. ஒரு வாய் சாப்பிட்டாரு. ரெண்டாவது வாய் எடுக்கப் போன கை அப்படியே நின்னுச்சு.

காரமான்னு போஸ்ட்மேன் கேட்டாரு.

“சார்,” செல்லக்கண்ணு கூப்பிட்டாரு. “இன்னும் கொஞ்சம் சாம்பார்.”

உலகநாதன் சார் வந்தாரு. காக்கா விசயத்த விட்ட எடத்துலேருந்து ஆரம்பிச்சு, திட்டிக்கிட்டே ஊத்தினாரு. ஒரு சொட்டு தரையில விழல.

கை கழுவின ஈரம் காயறதுக்குள்ள செல்லக்கண்ணு போலீஸ் ஸ்டேஷன்ல இருந்தாரு.

இன்ஸ்பெக்டர் நாற்காலியக் காட்டினாரு. டீ சொல்லவான்னாரு. வேண்டாம், இப்பதான் சாப்பிட்டேன்னாரு செல்லக்கண்ணு.

“சரி, முடிவுக்கு வந்தாச்சா?” இன்ஸ்பெக்டர் கேட்டாரு. ஏட்டு சிரிக்கறதுக்குத் தயாரா பேனாவ மூடினாரு. “நாங்க வரணுமா, வரக் கூடாதா?”

“ரெண்டும் சார்.”

“ரெண்டுமா?”

“நான் பஜார்ல நின்னு பேசினா வராதீங்க. மண்டபத்து வாசலுக்கு வாங்க.”

“அது அவரு சொத்துய்யா. அவரு யாரச் சேக்கறாரு, சேக்கலேங்கறதுல நாங்க எப்படி...”

“அவரு வீட்டுக்குள்ள யாரையும் சேக்க வேண்டாம் சார். நான் அங்க போயி நிக்கல. இது மண்டபம். எல்லா விசேஷத்துக்கும் வாடகைக்கு விடப்படும்னு ரோட்டப் பாத்து போர்டு வச்சிருக்காரு. அந்தத் தேதி காலியாவும் இருக்கு. என் தெருவக் கேட்டுத்தான் இல்லேங்கறாரு. அப்படிச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கா, இல்லையா?”

ஏட்டு சிரிக்கல. சிரிக்கற எடம் எங்க வருதுன்னு அவருக்குப் புரியல.

இன்ஸ்பெக்டர் பேனாவ உருட்டினாரு. சட்டம் அவருக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்ல முடியாத அளவுக்குத் தெரியும். போன வருசம் கோர்ட்டுல வாங்கின பேச்சு இன்னும் வலிச்சுக்கிட்டு இருந்துச்சு, அதனால இந்தச் சட்டத்த எடுக்க மனசு வராம இருந்துச்சு.

செல்லக்கண்ணு அசையல.

கடைசியில இன்ஸ்பெக்டர் போன எடுத்தாரு. குலசேகரனக் கூப்பிட்டாரு. விசயத்தச் சொன்னாரு. எந்தச் சட்டம், அதுல என்ன ஆகும்ங்கறதையும் சேத்துச் சொன்னாரு.

அந்தப் பக்கத்துலேருந்து பதில் வந்துச்சு. இன்ஸ்பெக்டர் போனக் காதுலேருந்து தள்ளிப் புடிச்சாரு. மேசைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு. மைக் செட் பயலுக்கு வந்த வாழ்வாம். பேசிப் பேசியே ஊரக் கெடுத்தவனாம். இவன் வச்சிருக்கறது மைக் இல்லையாம், தகர டப்பாவாம். கல்யாணத்தன்னைக்கு வாசல்லயே நின்னு இவன் யோக்கியதைய ஊருக்கே சொல்லுவாராம்.

இன்ஸ்பெக்டர் போன் மேல கைய வச்சு மூடினாரு.

“உன்னத்தான்யா திட்டறாரு. கண்டமேனிக்குப் பேசறாரு. நிறுத்தச் சொல்லவா?”

“பேசட்டும் சார்,” செல்லக்கண்ணு சொன்னாரு. “சாவியக் குடுக்கட்டும்.”